கர்ணனா, அர்ஜுனனா: தராசு யார் கையில்?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் தோழரின் நினைவு நாளில் பேச அழைத்தீர்கள். அவர் நடத்திய இரவுப் பள்ளியில் படித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பெரிய தலைப்பு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. டிவி தொடர் ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நினைவுச் சொற்பொழிவில் டிவி தொடரா என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பார். ஏனென்றால் இந்தக் கேள்வியை எனக்கு முதலில் கொடுத்ததே அவர்தான்.

1988 அக்டோபர் 2ஆம் தேதி தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், 94 பகுதிகளாக, 1990 ஜூன் வரை ஓடியது. எங்கள் தெருவில் அப்போது டிவி கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கம்பியைப் பிடிக்காதே என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். கையை எடுத்துவிட்டுப் பார்ப்போம். இந்தி புரியாது. கூத்தில் வேஷம் கட்டிய எங்கள் பெரியப்பா ஒருவர் பின்னால் நின்றபடி கதையைச் சொல்லிக்கொண்டே வருவார்.

போட்டி அரங்கத்தில் கர்ணன் வந்து நின்ற காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. "உன் குலம் என்ன?" என்று கேட்டதும் அவன் தலை குனிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் அந்த நிமிடமே கர்ணன் கட்சிக்குப் போய்விட்டோம். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அர்ஜுனன் கட்சி. மறுநாள் இரவுப் பள்ளியில் இதே சண்டை. தோழர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு பேரையும் நிறுத்துங்கடா. அந்த அரங்கத்தைக் கூட்டிப் பெருக்குனவன் யாரு? அவன் எங்க நின்னு பாத்திருப்பான்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. என்னுடைய இந்தப் பேச்சை அந்தப் பதிலுக்கான ஒரு முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர் என்பது வெறும் பொழுதுபோக்கா?

மகாபாரதத்துக்கு முன்பு ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஓடியது. 1988இல் அது முடிந்தபோது, வால்மீகியின் கதை வரும் பிற்பகுதியையும் காட்ட வேண்டும் என்று கேட்டு, பஞ்சாபில் வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடர் நீண்டது. நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் கூலி உயர்வு கேட்டு நிறுத்தியிருந்தால் அரசு இத்தனை வேகமாக இறங்கி வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. ஆனால் ஒன்று தெளிவு: கதையில் தங்களுக்கு இடம் இருக்கிறதா என்பது அந்த மக்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாக இருந்தது. அவர்களைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது.

சோப்ராவின் தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ராஸா, 'ஆதா காவ்(ன்)' நாவலை எழுதிய முஸ்லிம் எழுத்தாளர். கர்ணனாகப் பங்கஜ் தீர் நடித்தார். 2013-14இல் ஸ்டார் பிளஸ் புதிதாக ஒரு மகாபாரதத்தை எடுத்தது. விஜய் டிவியில் அது தமிழ் பேசியது. 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய தொடர்களை மறுபடி ஒளிபரப்பியது. ஆக மூன்று தலைமுறைப் பிள்ளைகள் 'கர்ணனா, அர்ஜுனனா, யார் நல்லவன்?' என்று சண்டை போட்டிருக்கிறார்கள். விடுதிகளில் இன்றும் அந்தச் சண்டை நடக்கிறது. அதை ஒழுங்காக நடத்திப் பார்ப்போம்.

அர்ஜுனனின் கணக்கு

அர்ஜுனனிடம் நல்ல குணமே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. இருட்டிலும் அம்பு எய்யப் பழகிய உழைப்பாளி. அண்ணன் தோற்ற சூதாட்டத்துக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் காட்டிலும் மறைவிலும் கிடந்தவன். போர்க்களத்தில் வில்லைக் கீழே போட்டு, இந்தக் கொலை வேண்டுமா என்று கேட்டவன். இந்தியக் கதைகளில் ஆயுதம் ஏந்தியவன் இப்படித் தயங்குவது அபூர்வம்.

ஆனால் அந்தத் தயக்கம் யாருக்காக? எதிரே நிற்பவர்கள் தாத்தா, குரு, மாமன், தம்பிகள் என்பதற்காக. அவன் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். குலம் அழிந்தால் பெண்கள் கெடுவார்கள், வருணக் கலப்பு உண்டாகும், அது நரகத்துக்குக் கொண்டுபோகும் என்று அஞ்சுகிறான். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திலேயே இது இருக்கிறது. போரை வேண்டாம் என்று சொல்பவனின் மனசாட்சிக்குள்ளும் சாதிதான் உட்கார்ந்திருக்கிறது.

இதே அர்ஜுனன் அதற்கு முன்பு காண்டவ வனத்தை எரித்தான். அக்னிக்குப் பசி என்று காரணம். கிருஷ்ணன் ஒரு பக்கம், அர்ஜுனன் ஒரு பக்கம் நின்று, தப்பி ஓடிய உயிர்களை எல்லாம் தீக்குள் தள்ளினார்கள். அந்தக் காடு நாகர்களின் வீடு. அங்கே காண்டீவம் கையிலிருந்து நழுவவில்லை. ஐராவதி கார்வே தன் 'யுகாந்த' நூலில் இந்த எரிப்பை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். சொந்தக்காரன் எதிரே நின்றால் கை நடுங்குகிறது, காட்டுக்காரன் எதிரே வந்தால் நடுங்கவில்லை. அர்ஜுனனின் அறம் எல்லை போட்ட அறம். அந்த எல்லைக்குள் அவன் உத்தமன்தான்.

கர்ணனின் கணக்கு

கர்ணன் பக்கம் நிறைய இருக்கிறது. போட்டி அரங்கத்தில் முடிசூட்டிய ஈரத் தலையோடு நிற்கும்போது, கோலூன்றி, மேல்துண்டு நழுவ, வியர்த்தபடி அதிரதன் வருகிறான். கர்ணன் அத்தனை ராஜாக்களின் முன்னால் தேரோட்டி அப்பனின் காலில் தலை வைத்து வணங்குகிறான். பீமன், "உன் குலத்துக்குச் சாட்டைதான் சரி, அதை எடு" என்கிறான். பெரிய வேலைக்குப் போனபின் அலுவலகத்துக்கு வந்த அப்பாவை 'ஊர்க்காரர்' என்று அறிமுகப்படுத்திய கதைகள் நமக்குத் தெரியும். அப்படிச் செய்யாத கர்ணனை நமக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

பின்னால் கிருஷ்ணன் வந்து, நீ குந்தியின் மூத்த மகன், வா, அரசு உனக்கு என்கிறான். ராதைதான் எனக்குப் பால் கொடுத்தாள், அதிரதன்தான் எனக்குச் சடங்குகள் செய்தான், சூதர் வீட்டில் பெண் எடுத்தேன், என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், பூமி முழுவதும் கொடுத்தாலும் வரமாட்டேன் என்கிறான் கர்ணன். பாரதத்திலேயே உயர்ந்த இடங்களில் ஒன்று இது. பிறப்பைவிட வளர்ப்பு பெரிது என்று அவன் தன் வாயால் சொல்கிறான்.

இன்னொரு இடம் நம் மாணவர்களுக்கு நெருக்கமானது. பரசுராமரிடம் தன்னைப் பிராமணன் என்று பொய் சொல்லித்தான் கர்ணன் படிக்கிறான். சாதியைச் சொன்னால் படிக்க முடியாது. குரு மடியில் தூங்கும்போது பூச்சி ஒன்று தொடையைத் துளைக்கிறது. அவர் தூக்கம் கெடக்கூடாது என்று அசையாமல் வலி தாங்குகிறான். விழித்த குரு, இத்தனை வலியைப் பிராமணன் தாங்கமாட்டான், நீ யார் என்று கேட்டுச் சாபம் கொடுக்கிறார். வலி தாங்குவதற்குக்கூடச் சாதி பார்க்கிற உலகம். நகரத்தில் வாடகை வீட்டுக்கும், விடுதி அறைத் தோழனுக்கும் சாதியை மறைத்துச் சொல்லிவிட்டு, என்றைக்குத் தெரியுமோ என்று படுத்துக்கிடக்கும் பிள்ளைக்கு இந்தக் கதை விளக்கம் இல்லாமலே புரியும்.

சரி, மறுபக்கம். சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது, துரியோதனனின் தம்பி விகர்ணன் எழுந்து இது அநியாயம் என்கிறான். அவனை அடக்கி உட்கார வைத்தவன் கர்ணன். ஐந்து பேருக்கு மனைவியானவள் வேசி என்று சொன்னவன் கர்ணன். அவளுடைய ஆடையையும் பாண்டவர் ஆடையையும் களையச் சொன்னவனும் மூலக் கதைப்படி அவன்தான். சுயம்வரத்தில் 'சூதனை மணக்கமாட்டேன்' என்று அவள் அவமானப்படுத்தியதற்குப் பதில் இது என்று தொடரைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். புனே பண்டார்கர் நிறுவனம் பல ஏடுகளை ஒப்பிட்டு 1966இல் நிறைவு செய்த ஆய்வுப் பதிப்பின் மூலப் பகுதியில் அந்த மறுப்பு வசனம் இல்லை. பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். சரி, அவள் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது நியாயமாகுமா?

இந்த இடத்தை நாம் தாண்டிப் போகக் கூடாது. சாதியால் நாக்கில் சுடப்பட்ட ஒருவன் அதே சூட்டுக்கோலை எடுத்து ஒரு பெண்ணின் மேல் வைக்கிறான். அவமானப்பட்டவன் தானாகவே நீதிமான் ஆகிவிடுவதில்லை. நம் இயக்கங்களுக்குள் நம் பெண்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதைத்தான்: ஊரில் நீ கேட்கிற மரியாதையை வீட்டில் எனக்குக் கொடுத்தாயா? பின்னால் கர்ணன், துரியோதனனைச் சந்தோஷப்படுத்தப் பாண்டவரிடம் கடுஞ்சொல் பேசினேன், வருந்துகிறேன் என்று கிருஷ்ணனிடம் சொல்கிறான். வருத்தம் உண்மைதான். ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

செஞ்சோற்றுக் கடன்

கர்ணனின் அறத்துக்கு நம் ஊரில் வைத்த பெயர் செஞ்சோற்றுக் கடன். 1964இல் வந்த பந்துலுவின் 'கர்ணன்' படம் முதல் பட்டிமன்றங்கள் வரை அவனுக்கு இந்த ஒரு வாதம்தான் கைகொடுக்கிறது. துரியோதனன் முடி கொடுத்தான், ஆகவே உயிர் கொடுத்தான்.

துரியோதனன் அன்று என்ன செய்தான் என்று நிதானமாகப் பாருங்கள். ராஜகுமாரனோடு ராஜகுலத்தவன்தான் மோதலாம் என்பது சபையின் விதி. "இந்த விதி தவறு, திறமை உள்ளவன் மோதட்டும்" என்று அவன் வாதாடி நிற்கவில்லை. கர்ணனை ராஜாவாக்கினான். விதி அப்படியே நின்றது. ஒருவன் மட்டும் அதைத் தாண்டி உள்ளே வந்தான். அடுத்த நாள் இன்னொரு தேரோட்டி மகன் வந்திருந்தால் அவன் வெளியேதான் நின்றிருப்பான். கர்ணனுக்குக் கிடைத்தது சலுகை. உரிமைக்குக் கடன் கிடையாது. சலுகைக்குத்தான் ஆயுள் முழுவதும் வட்டி கட்ட வேண்டும்.

தோழர்களே, 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி போய், பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன. அப்படி வருகிறவர் யாருக்கு நன்றியோடு இருப்பார் என்று அம்பேத்கர் பின்னாளில் விரிவாக எழுதினார். இன்றும் தனித் தொகுதியில் ஜெயித்தவரிடம் போய் நம் தெருப் பிரச்சினையைச் சொன்னால், தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கர்ணன். முடி கொடுத்தவனைப் பார்க்கிறார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போன்ற தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாதபடி தடுத்தார்கள். "உன் குலம் என்ன?" என்ற கிருபரின் கேள்வி நம் காலத்திலும் நாற்காலிக்கு முன்னால் நிற்கிறது.

ரகசியம் இல்லாதவர்கள்

கர்ணன் கதையில் நமக்கு ஒரு பெரிய பொறி இருக்கிறது. சூதர் என்பவர் தர்ம நூல்களின்படி சத்திரியத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்த கலப்பு வகுப்பினர். தேரோட்டுதல், அரசர் புகழ் பாடுதல் அவர்கள் தொழில். அரண்மனைக்குள் இருந்தவர்கள். அவர்கள் நாம் இல்லை. அதைவிட முக்கியம், கர்ணன் சூதனுமில்லை. அவன் குந்தி மகன், சூரியன் மகன், மூத்த பாண்டவன். பார்க்கிறவனுக்கு இது முதலிலிருந்தே தெரியும். ஆகவே அவன் அவமானப்படும்போது நாம் அழுவது எதற்காக? சாதி இருக்கிறதே என்றா, சத்திரியனைத் தவறாகச் சூதன் என்று சொல்லிவிட்டார்களே என்றா? கதை இரண்டாவதைத்தான் நம்மிடம் கேட்கிறது. அளவுகோல் சரி, அளந்ததில் பிழை என்கிறது.

வட மாவட்டங்களில் கருமாதி அன்று 'கர்ண மோட்சம்' கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் பெரியப்பா அதில்தான் கட்டுவார். போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று அவள் கதவடைக்கிறாள். அவன் தன் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான். உடனே அவள் அழுது காலில் விழுகிறாள். விடிய விடிய அந்தக் காட்சிக்கு நம் சனம் கண்ணீர் விடும். ஒரு நாள் தோழர் பெரியப்பாவிடம் கேட்டார்: "ரகசியம் எதுவுமே இல்லாம, நெசமாவே தேரோட்டி மவனா இருந்திருந்தா அந்தக் கதவு தொறந்திருக்குமாண்ணே?" பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரகசியம் இல்லாதவன் ஏகலைவன். நிஷாதன் மகன், நிஷாதனாகவே இருந்தவன். துரோணர் சேர்க்கவில்லை. மண்ணில் உருவம் செய்து தானே கற்றான். "என்னைவிடச் சிறந்தவன் இருக்கமாட்டான் என்றீர்களே" என்று அர்ஜுனன் போய் நினைவூட்டினான். கட்டைவிரல் போனது. அர்ஜுனன் கத்தியைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டான். தகுதி, திறமை என்று பேசுகிறவர்களின் மூதாதையான கேள்வி அது. துரோண பருவத்தில் கிருஷ்ணன், உன் நன்மைக்காகத்தான் ஏகலைவனைக் கொன்றேன் என்று அர்ஜுனனிடமே சொல்கிறான். தொடர்களில் நாம் கட்டைவிரலோடு நின்று, குருபக்தி என்று கைதட்டிவிட்டோம். இந்திய அரசு 1961 முதல் விளையாட்டு வீரர்களுக்கு அர்ஜுனா விருது தருகிறது. 1985 முதல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது தருகிறது. பழங்குடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக்கு ஏகலைவன் பெயர் வைத்திருக்கிறது. யார் வைத்தாலும் பெயர்கள் தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

ரகசியம் இல்லாத இன்னொருத்தியும் இருக்கிறாள். அவளுக்குப் பெயரே கிடையாது. அரக்கு மாளிகையில் குந்தி விருந்து வைத்த இரவில் ஐந்து பிள்ளைகளோடு வந்து, உண்டு குடித்துத் தூங்கிய நிஷாதப் பெண். பீமன் தீ வைத்தான். பாண்டவர் சுரங்க வழியே தப்பினார்கள். காலையில் கிடைத்த ஆறு பிணங்களைப் பார்த்து, குந்தியும் ஐவரும் இறந்தார்கள் என்று ஊர் அழுதது. அந்தப் பெண்ணுக்காக யாரும் அழவில்லை. மகாசுவேதா தேவி 'குந்தியும் நிஷாதியும்' என்ற கதையில் முதுமையிலிருக்கும் குந்தியின் முன்னால் அந்தக் குடும்பத்தின் மருமகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓர் எழுத்தாளர் செய்யக்கூடிய நியாயம் அது.

நாகன் கொண்டு வந்த அம்பு

கடைசியாக ஓர் இடம். காண்டவத் தீயில் தாயைப் பறிகொடுத்துத் தப்பிய நாகன் அசுவசேனன். பதினேழாம் நாள் போரில் கர்ணனின் அம்பில் ஏறி வந்தான். குறி தப்பி அர்ஜுனனின் கிரீடம் மட்டும் விழுந்தது. திரும்பி வந்து, "என்னை மறுபடி எய். என் தாயைக் கொன்றவன் அவன்" என்றான். இன்னொருவன் பலத்தில் ஜெயிக்க விரும்பவில்லை, ஒரே அம்பை இரண்டு முறை எய்யமாட்டேன், நூறு அர்ஜுனர்களைக் கொல்லலாம் என்றாலும் மாட்டேன் என்றான் கர்ணன். வீர தர்மம் என்று இதற்கும் கைதட்டுகிறோம்.

எனக்கு இந்த இடத்தில் வருத்தம்தான் வருகிறது. காடு எரிக்கப்பட்டவன் கை நீட்டி வருகிறான். அவமானப்படுத்தப்பட்டவன் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான். கர்ணன் வாழ்நாள் முழுவதும் மேலே பார்த்தான்: அரங்கத்தை, முடியை, அர்ஜுனனை. பக்கத்தில் பார்க்கவில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வின் வேலை இதுதான். மேலே இருப்பவனிடம் மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒருவனைக் கீழே காட்டிவிடும். அதனால் அவர்கள் ஒன்று சேரமாட்டார்கள்.

ஆகவே விடுதியில் யாராவது கர்ணனா அர்ஜுனனா என்று கேட்டால் என் பதில் இது. ஒரு மனிதனாகக் கர்ணன் எனக்கு நெருக்கமானவன். அப்பன் காலில் விழுந்த அந்தத் தலைக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் சபையில் அவன் பேசியதை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை, அது திரௌபதியின் கணக்கு. அர்ஜுனனின் தயக்கத்தை மதிக்கிறேன், அது காண்டவத்துக்கும் நீண்டிருந்தால் இன்னும் மதித்திருப்பேன். இருவரையும் தராசில் வைத்துப் பார்க்கும்போது, தராசில் ஏற்றப்படாதவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஏகலைவன், அசுவசேனன், பெயரில்லாத அந்தத் தாய், அவளுடைய ஐந்து பிள்ளைகள்.

2021இல் மாரி செல்வராஜ் 'கர்ணன்' என்று ஒரு படம் எடுத்தார். அந்தக் கர்ணனுக்குப் பிறப்பு ரகசியம் கிடையாது. முடி கொடுக்க ஒரு ராஜாவும் கிடையாது. பேருந்து நிற்காத தன் ஊருக்காக, ஊரோடு நின்று சண்டை போடுகிறான். பெயர் பழையதுதான், ஆள் பக்கத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை எந்தத் தொடரைப் பார்த்தாலும், இரண்டு பேரில் யார் நல்லவன் என்று சண்டை போடுங்கள், தப்பில்லை. முடிந்ததும் அரங்கத்தைப் பெருக்கியவர் யார், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை இந்த அமைப்புக்குக் கொண்டு வாருங்கள். தோழருக்கு நாம் வைக்கிற படையல் அதுவாக இருக்கட்டும்.